கணனிப் பெட்டிக்கு எதற்கு இத்தனை ஃபேனும் லைட்டும்?



கடந்த சில வாரங்களாக இன்பொக்ஸில் ஒரே கேள்வி பல வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. "சேர், மகன் கணனிக்கு கலர் லைட் ஃபேன் போடணும் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். அது தேவையா? போட்டா மதர்போர்ட் எரிஞ்சி போகுமா? கரண்ட் பில் கூடுமா?" தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கணனி வைத்திருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசியுங்கள். கடைசி வரை வாசித்தால் இது ஃபேனைப் பற்றிய பதிவு மட்டுமில்லை என்பது விளங்கும்.

முதலில் சுருக்கமான பதில். ஃபேன் தேவை. லைட் ஆசை. இரண்டையும் பாதுகாப்பாகப் பூட்டலாம். ஆனால் பூட்டுவதற்கு முன் சில இலக்கங்களை வாசிக்க வேண்டும். அந்த இலக்கங்கள் ஃபேனின் முதுகிலும் மதர்போர்டிலும் அச்சடித்தே இருக்கின்றன. யாரும் வாசிப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

நான் கணனிக் கடை வைத்திருப்பவன் அல்ல. கணிதமும் ஐ.சி.டி.யும் படிப்பிக்கிற ஒரு சாதாரண ஆசிரியர். என்னிடம் படித்த ஒரு மகனின் வீட்டில் கடந்த மாதம் நடந்ததை வைத்தே இதை விளங்கப்படுத்துகிறேன். அந்த வீட்டாரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த மகன் உயர்தரம் முடித்துவிட்டு, கல்யாண வீட்டு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலை செய்கிறான். வாப்பா கட்டாரில் சாரதி. உம்மா வீட்டில் தையல். உம்மாவின் இரண்டு காப்பை அடகு வைத்து, செக்கன்ட் ஹேண்டில் ஒரு கணனி வாங்கியிருந்தார்கள். ஆறு மாதம் நல்லாக ஓடியது. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் பிரச்சினையும் தொடங்கியது. அம்பாறைக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகல் பதினொரு மணிக்கே வீட்டுக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி இருக்கும். வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு இவன் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கணனி தானாக அணைந்து கிடக்கும். இரண்டு மணித்தியால வேலை வீண். கல்யாண வீட்டார் ஃபோனில் ஏசுகிறார்கள். அடகுக் கடைக்கு வட்டி கட்டும் நாளும் கிட்ட வருகிறது.

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மூன்று ஏ.ஆர்.ஜீ.பீ. ஃபேன் அடங்கிய பெட்டி ஒன்றும், பெட்டிக்குள் ஒட்டுகிற அரை மீற்றர் லைட் பட்டி ஒன்றும், ஒன்றை நாலாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் வயர் ஒன்றும் கொடுத்து, "நாலு ஃபேனையும் இந்த ஒரே வயரில குத்துங்க, லைட்டு வயரை எங்க போகுதோ அங்க குத்துங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு எடுத்தான்.

ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போனேன். உம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு முதல் வார்த்தையிலேயே கேட்டார். "இரிங்க சேர். இவன் வேலைக்கு எண்டு கேட்டான், சரி எண்டன். இது என்ன சேர், கல்யாண வீட்டுச் சோடினை மாதிரி லைட்டு? காப்பு அடகுல கிடக்கு. இந்த நேரத்தில இது என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. நான் சொன்னேன், "ராத்தா, லைட்டைப் பிறகு பாப்பம். முதல்ல சூட்டைப் பாப்பம்."

சூட்டை அளந்து பார்ப்பதில் இருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும். வெப்பநிலையைக் காட்டுகிற இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. ஒரு ரெண்டரை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தோம். ப்ரொசசர் 93 பாகை. பெரும்பாலான ப்ரொசசர்கள் 90க்கும் 100க்கும் இடையில் எங்காவது தம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைவது பழுதில்லை, அது தற்காப்பு.

பெட்டியைத் திறந்தோம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. காற்று உள்ளே வர ஓரத்தில் சிறிய இடைவெளி மட்டும். உள்ளே இழுக்க ஒரு ஃபேன்கூட இல்லை. பின்னால் ஒரே ஒரு பழைய ஃபேன் சூட்டை வெளியே தள்ளப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. ப்ரொசசருக்கு மேலே இருக்கிற கூலரின் தகடுகளுக்கிடையில் தூசி, பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்திருக்கிறது. பக்கத்து அறையில்தான் உம்மாவின் தையல் மெஷின். துணி நூல் பஞ்சு பறந்து வந்து அங்கேதான் சேர்ந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஒரு சதமும் செலவில்லாத வேலை. பவரை நிற்பாட்டி, வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டையும் இறக்கிவிட்டு, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒரு புதிய பெயின்ற் பிரஷ்ஷாலும் காற்றாலும் சுத்தப்படுத்தினோம். காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுகிற வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் அதன் பெயாரிங் பழுதாகும். திரும்பவும் அதே இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். 87 பாகை. ஆறு பாகை குறைந்தது வெறும் பிரஷ்ஷால்.

இங்கே ஒரு விஷயம். நாங்கள் சுத்தம் செய்வதையும் ஃபேன் பூட்டுவதையும் ஒரேயடியாகச் செய்யவில்லை. செய்திருந்தால் எது எவ்வளவு வேலை செய்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு அளவீடு. விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிற அதே முறை.

இனி ஃபேன்.

மதர்போர்டில் ஃபேன் குத்துகிற இடங்களை ஹெடர் என்பார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் சி.பி.யூ. ஃபேன் என்று எழுதியிருக்கும். அது ப்ரொசசர் கூலருக்கு மட்டும். அதைத் தொடவேண்டாம். மற்றவற்றுக்குப் பக்கத்தில் சிஸ் ஃபேன் என்றோ சா ஃபேன் என்றோ இருக்கும். அவைதான் பெட்டி ஃபேன்களுக்கு. இந்தப் போர்டில் அப்படி இரண்டு இருந்தன.

ஃபேன் வயரில் மூன்று ஓட்டையுள்ள புளக்கும் வரும், நாலு ஓட்டையுள்ள புளக்கும் வரும். மூன்றில் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், மற்றது ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று போர்டுக்குச் சொல்கிற வயர். நாலாவது வயர் இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கட்டளை வயர். மூன்று வயர் ஃபேனின் வேகத்தை வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். நாலு வயர் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும், நாலாவது வயரில் போகிற துடிப்பு வேகத்தைத் தீர்மானிக்கும். முதலாவது முறைக்கு டீ.சி. என்றும் இரண்டாவதுக்கு பி.டபிள்யூ.எம். என்றும் பயோஸில் போட்டிருக்கும். மூன்று வயர் ஃபேனை நாலு முள் ஹெடரில் குத்தலாம், பிழையில்லை. ஆனால் அந்த ஹெடர் பி.டபிள்யூ.எம். முறையில் இருந்தால் அந்த ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் இரையும்.

இதை நான் அந்த மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அவசரம். ஸ்பிளிட்டர் வயரை எடுத்து, "சேர், நாலையும் இதுல குத்திட்டா முடிஞ்சிதானே" என்றான்.

கதவு நிலையில் நின்றுகொண்டிருந்த அவனுடைய தங்கச்சி அப்போதுதான் வாய் திறந்தாள். பதினொராம் ஆண்டு. இந்தமுறை சாதாரண தரம் எழுதப் போகிறவள். "நானா, அந்த ஃபேன்ல எத்தின அம்பியர் எண்டு போட்டிருக்கு?"

"உனக்கு என்னத்துக்கு?" என்றான் அவன். ஆனாலும் திருப்பிப் பார்த்தான். 12 வோல்ட், 0.25 அம்பியர்.

"பழைய ஃபேன்ல?"

அதிலும் 0.25.

"ஸ்பிளிட்டர்ல குத்தினா எல்லாம் சமாந்தரமாத்தானே சேர் வரும்? அப்ப ஓட்டம் கூட்டுப்படும். நாலு கால் ஒரு அம்பியர். இந்த ஹெடர் எத்தின தாங்கும்?"

மதர்போர்ட் செக்கன்ட் ஹேண்ட், மெனுவல் புத்தகம் இல்லை. அவளே சொன்னாள், போர்டில் நடுவில் பெரிதாக மொடல் இலக்கம் அச்சடித்திருக்கிறது, அதைக் கூகிளில் போட்டால் கம்பனித் தளத்தில் மெனுவல் கிடைக்கும் என்று. நான் என் ஃபோனைக் கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். ஒரு ஹெடருக்கு ஆகக் கூடியது 1 அம்பியர், அதாவது 12 வொட். இன்று பாவனையிலுள்ள பெரும்பாலான போர்ட்களில் சாதாரண ஃபேன் ஹெடரின் எல்லை இதுதான். சில ஹெடர்கள் கூடத் தாங்கும். உங்கள் போர்டின் மெனுவலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நாலும் சேர்ந்தால் சரியாக எல்லையில் நிற்கும். ஃபேன் சுற்றத் தொடங்குகிற அந்தக் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும். எல்லையில் வைத்து ஓட்டுவது, பத்துப் பேர் ஏறுகிற தோணியில் பத்துப் பேரையும் ஏற்றிவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. போகலாம். ஆனால் ஏன்? அதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிய மூன்றும் நாலு வயர், பழையது மூன்று வயர். ஒரே ஹெடரில் போட்டால் ஒன்றுக்குப் பொருந்துகிற முறை மற்றதுக்குப் பொருந்தாது.

அவளே பிரித்தாள். புதிய மூன்றும் ஸ்பிளிட்டரோடு முதலாவது ஹெடரில், 0.75 அம்பியர், பி.டபிள்யூ.எம். முறை. பழையது தனியாக இரண்டாவது ஹெடரில், 0.25, டீ.சி. முறை. கணக்கு முடிந்தது.

ஸ்பிளிட்டர் பாவிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் ஒரு கிளையில் மட்டும்தான் வேகம் சொல்கிற வயர் இருக்கும். மூன்று ஃபேன் போட்டாலும் போர்ட் ஒன்றின் வேகத்தைத்தான் காட்டும். மற்றது நின்றுபோனாலும் அதற்குத் தெரியாது. இடைக்கிடை கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து ஆறு ஃபேன் போட ஆசைப்படுபவர்கள் ஸ்பிளிட்டருக்குப் பதிலாக சாட்டா பவர் வயரில் ஓடுகிற ஹப் ஒன்றை வாங்குங்கள். அதற்குக் கரண்ட் நேரே பவர் சப்ளையில் இருந்து வரும். மதர்போர்டில் இருந்து கட்டளை மட்டும் போகும். ஹெடருக்குப் பாரமில்லை.

எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டுவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஃபேனின் ஓரத்தில் சில நேரம் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், சட்டத்தின் குறுக்குக் கம்பிகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கமாகத்தான் பெரும்பாலும் காற்று வெளியே போகும். சந்தேகம் என்றால் ஓடவிட்டு ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. இதுதான் பொதுவான ஒழுங்கு. உள்ளே வருகிற காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், காற்று நுழைகிற இடத்தில் ஒரு வலையைப் போட்டுத் தூசியை அங்கேயே பிடித்துவிடலாம். தையல் வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஸ்குரு முறுக்கியதும் தங்கச்சிதான். நானா டோர்ச் பிடித்தான். அவனாகவே ஸ்குரூடிரைவரை நீட்டினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முன் கண்ணாடியைக் கழற்றி, அதற்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி கூடும்படி வைத்தோம். திரும்பவும் இருபது நிமிடம். 79 பாகை. அறைக்குள் 33 பாகை. அறைச் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது, அது வெளிக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஆனால் 93க்கும் 79க்கும் இடையில்தான் அந்த வீட்டின் வருமானம் இருந்தது.

இனி லைட். பிள்ளைகள் காத்திருந்த இடம் இதுதான். ஆபத்தும் இங்கேதான் கூட.

லைட்டில் இரண்டு சாதி. ஆர்.ஜீ.பீ. என்பது 12 வோல்ட், நாலு முள். எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். ஏ.ஆர்.ஜீ.பீ. என்பது 5 வோல்ட், மூன்று முள். நாலு முள்ளுக்கு உரிய இடத்தில் ஒன்று இல்லாமல் இருக்கும். ஒவ்வொரு லைட்டுக்குள்ளும் ஒரு சின்னச் சிப் இருப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனி நிறம் காட்டும். வானவில் ஓடுவது இதில்தான்.

5 வோல்ட் லைட்டை 12 வோல்ட் ஹெடரில் குத்தினால் அந்தக் கணமே அதன் சிப்கள் எரிந்துவிடும். சில நேரம் போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். நல்ல புளக் என்றால் முள் இல்லாத இடம் அடைபட்டிருக்கும், பிழையான இடத்தில் உள்ளே போகாது. மலிவான சில புளக்குகளில் அந்த அடைப்பு இருப்பதில்லை. ஆகவே "எங்க போகுதோ அங்க குத்துங்க" என்ற புத்திமதி பொருந்தவே பொருந்தாது. போகிறது என்பதற்காகக் குத்தக்கூடாது. பெயரை வாசித்துக் குத்த வேண்டும்.

போர்டில் கம்பனிக்குக் கம்பனி பெயர் வேறு. எம்.எஸ்.ஐ. போர்டில் ஜே ரெயின்போ என்றால் 5 வோல்ட், ஜே ஆர்.ஜீ.பீ. என்றால் 12 வோல்ட். கிகாபைட் போர்ட்களில் டீ லெட் என்றால் 5 வோல்ட், லெட் சீ என்றால் 12. அஸ்ரொக் போர்ட்களில் அட்ரஸபிள் லெட் என்றால் 5 வோல்ட். பெயரில் குழப்பம் வந்தால் முள்ளை எண்ணுங்கள். புளக்கில் அம்புக்குறியோ 5வீ என்ற எழுத்தோ இருக்கும் பக்கம், ஹெடரில் 5 வோல்ட் முள் உள்ள பக்கத்தோடு பொருந்த வேண்டும்.

இங்கேயும் தங்கச்சியின் பென்சில் வேலை செய்தது. ஒரு ஃபேனில் 12 லைட். மூன்றுக்கு 36. ஒரு சின்ன லைட் முழு வெள்ளையில் முழு வெளிச்சத்தில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. 36ஐ 0.06ஆல் பெருக்கினால் 2.16 அம்பியர். மெனுவலில் அந்த ஹெடரின் எல்லை 3 அம்பியர். சரி. ஆனால் அரை மீற்றர் பட்டியில் இன்னும் 30 லைட். அதற்கு 1.8 அம்பியர். கூட்டினால் 3.96. எல்லை தாண்டிவிட்டது.

"நானா, பட்டியைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

பட்டியைத் திருப்பிக் கொடுத்தான். கடையில் காசு தரவில்லை, ஆனால் அதற்குப் பதிலாகக் காற்று நுழைகிற இடத்துக்குப் போடுகிற தூசி வலை கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டி இல்லாததை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் போர்டில் இந்த ஹெடர் எதுவுமே இல்லையா? எங்கள் ஊரில் பாவனையில் உள்ள பழைய போர்ட்கள் பலவற்றில் இல்லை. அதற்காகப் புதிய மதர்போர்ட் வாங்க வேண்டாம். சாட்டா பவரில் ஓடுகிற சின்ன லைட் கொன்ட்ரோலர் கிடைக்கிறது, ரிமோட்டோடும் வருகிறது. இன்னொன்று, மலிவான சில ஃபேன் பெட்டிகளில் லைட்டும் ஃபேனும் சேர்ந்த ஆறு முள் புளக் வரும். அது அந்தப் பெட்டியோடு வரும் ஹப்பில் மட்டும்தான் போகும், போர்டில் போகாது. வாங்கும்போதே திறந்து புளக்கைப் பாருங்கள்.

பூட்டி முடிந்தது. பவர் போட்டோம். நீலமும் பச்சையும் ஓடத் தொடங்கியது. அந்த மகனின் முகத்தைப் பார்த்தேன். இருபது வயதுப் பிள்ளை, காலையில் இருந்து இரவு வரை பிறர் வீட்டுக் கல்யாணத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவன். அவனுடைய மேசையில் அவனுக்கென்று ஒரு அழகு. அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உம்மா மறுநாள் ஃபோன் எடுத்தார். "சேர், கணனிய நிப்பாட்டிப் படுத்த பிறகும் லைட்டு எரியுது. இது என்ன பில்லு வரப்போகுது?"

அதுவும் நல்ல கேள்விதான். பல போர்ட்களில் கணனி அணைந்த பிறகும் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், அதில் லைட் எரியும். பயோஸுக்குள் போய் ஈ.ஆர்.பீ. என்ற தெரிவை இயக்கினாலோ, அணைந்த நிலையில் லைட் வேண்டாம் என்ற தெரிவை வைத்தாலோ நின்றுவிடும். எல்லாவற்றையும்விட இலேசானது சுவரில் உள்ள சுவிட்சை நிற்பாட்டுவது.

பில் கணக்கையும் தங்கச்சிதான் போட்டு உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். நாலு ஃபேனும் முழு வேகத்தில் 12 வொட். லைட் எல்லாம் முழு வெள்ளையில் 10.8 வொட். ஆகக் கூடியது 23 வொட் என்று வைத்தால், நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் ஐந்தரை யூனிட். உண்மையில் இதைவிடக் குறையும், ஏனென்றால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடாது, யாரும் முழு வெள்ளை வைப்பதில்லை. ஆனால் எங்கள் பில் கட்டம் கட்டமாகக் கூடுகிற பில். ஐந்து யூனிட் உங்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுமா என்று உங்கள் பழைய பில்லை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பகலில் லைட்டை நிற்பாட்டிவிட்டு இரவில் மட்டும் போடுவது என்று ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

அன்று தேத்தண்ணி குடித்து முடித்து எழும்பும்போது உம்மாவிடம் கேட்டேன், "ராத்தா, மகள் உயர்தரத்துக்கு என்ன செய்யப் போறா?"

"ஆர்ட்ஸ்தான் சேர். கிட்டத்து ஸ்கூல்ல அதுதானே இரிக்கி. டெக் படிக்கிறதெண்டா பஸ் ஏறிப் போகணும். பொம்புளப் புள்ள. வாப்பாவும் ஊர்ல இல்ல."

கலைப் பிரிவில் ஒரு குறையும் இல்லை. அதைப் படித்து நல்ல ஆசிரியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வந்தவர்கள் எங்களுக்குள் நிறைய இருக்கிறார்கள். விரும்பிப் படித்தால் அது ஒரு பாதை. ஆனால் பஸ் ஏற வேண்டும் என்பதற்காக ஒரு பாதையை மூடுவது வேறு விஷயம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல்தான் தொடங்கியது. பொறியியல் தொழில்நுட்பமும் உயிர்முறைமைத் தொழில்நுட்பமும் அதில் இருக்கின்றன. ஆண்களுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

அந்த வீட்டில் நான் விரிவுரை நடத்தவில்லை. நடத்தவும் எனக்கு உரிமை இல்லை. பிள்ளையை அனுப்புகிற பயம் எனக்கு இல்லை, அந்த உம்மாவுக்குத்தான். நான் சொன்னது இவ்வளவுதான். "ராத்தா, இண்டைக்கு இந்தக் கணனியக் காப்பாத்தினது நான் இல்ல. கடையில சொன்ன மாதிரி குத்தியிருந்தா போர்டுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு மகனுக்கும் தெரியாது. மகளுக்குத் தெரிஞ்சிது."

உம்மா ஒன்றும் பேசவில்லை. மகளைப் பார்த்தார். அவள் ஸ்குருக்களைப் பொறுக்கி ஒரு மாஜரின் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவு என்ன என்று கேட்காதீர்கள். இன்னும் முடிவில்லை. பரீட்சை எழுத வேண்டும், பெறுபேறு வர வேண்டும், வாப்பா கட்டாரில் இருந்து சம்மதிக்க வேண்டும். ஆனால் போன வாரம் அந்த மகன் எனக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினான். பாடசாலைக்குப் போகிற பஸ் சீசன் டிக்கட்டுக்கு மாதம் எவ்வளவு வரும் என்று உம்மா விசாரித்தாராம். அவனும், இரண்டு வீடியோக் காசு வந்தால் அதைத் தான் கட்டுவதாகச் சொன்னானாம்.

பிள்ளைகள் கலர் லைட் கேட்கும்போது நாங்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். ஒன்று, ஏசுகிறோம். அல்லது, காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. "சரி, போடுவம். எத்தின அம்பியர் எண்டு முதல்ல கணக்குப் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். வகுப்பில் ஓட்டத்தையும் வலுவையும் நான் வருடக் கணக்காக கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். சொந்தக் காசில் வாங்கிய ஃபேன் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் போட்ட கணக்கை யாரும் மறக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை மகனிடம் மட்டும் கேட்காதீர்கள். கதவு நிலையில் நிற்கிறவளிடமும் கேளுங்கள்.

சேமித்து வைக்க விரும்புபவர்களுக்காகச் சுருக்கம்:

1. முதலில் சூட்டை அளவுங்கள். பிறகு தூசியைச் சுத்தம் செய்து திரும்ப அளவுங்கள். அதன் பிறகுதான் ஃபேன் வாங்குவதா என்று முடிவெடுங்கள்.

2. பவரை நிற்பாட்டி வயரைக் கழற்றாமல் பெட்டிக்குள் கை வைக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள்.

3. மெனுவல் இல்லாவிட்டால் போர்டில் உள்ள மொடல் இலக்கத்தை வைத்து கம்பனித் தளத்தில் இறக்குங்கள். ஹெடர் ஒவ்வொன்றின் அம்பியர் எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஃபேன்களின் அம்பியரைக் கூட்டுங்கள். எல்லைக்குக் கிட்டப் போனால் பிரித்துப் போடுங்கள், அல்லது சாட்டா ஹப் பாவியுங்கள்.

5. மூன்று வயர் ஃபேனையும் நாலு வயர் ஃபேனையும் ஒரே ஸ்பிளிட்டரில் கலக்க வேண்டாம்.

6. லைட்டில் மூன்று முள் 5 வோல்ட், நாலு முள் 12 வோல்ட். மாறினால் எரியும். போகாத புளக்கை அழுத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பாடசாலைக் கணனி அறையில் உள்ள பெட்டிகளையும் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை திறந்து சுத்தம் செய்யப் போகிறோம். வேலை செய்யப் போவது பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகள், மாணவிகளும் சேர்த்து. பெற்றோர் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கலாம், உம்மாமார் கட்டாயம் வாருங்கள். வீட்டில் பழைய 12 சென்றிமீற்றர் பெட்டி ஃபேன், லைட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுற்றுகிற நிலையில் இருந்தால் வீசிவிடாமல் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். முதுகில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த இலக்கம் வேண்டும்.